கீழவிளைப் பக்கத்துக் கம்பி

ஆகஸ்ட் 1, திங்கள்

கோபுரம் மேலவிளைப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. தியோடலைட் என்கிற அளவைக் கருவி வைத்துப் பார்த்தால் உச்சி ஒரு முழம் விலகி நிற்பது தெரிகிறது. ஆயிரம் அடி உயரத்தில் ஒரு முழம் எல்லாம் ஒரு விஷயமா என்று ஞானதிரவியம் கேட்கிறார். அவர் எங்கள் நிலையத்தின் சமையல்காரர். அவர் சுடும் தோசையும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எங்கள் தொலைக்காட்சிக் கோபுரம் தானாக நிற்கும் வகை இல்லை. அடியில் ஒரே ஒரு புள்ளியில் ஊன்றியிருக்கிறது. மூன்று திசைகளிலிருந்து கனத்த எஃகுக் கம்பிகள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு திசைக் கம்பியும் தரையில் ஒரு பெரிய கான்கிரீட் கட்டையில் போய் முடிகிறது. ஒரு கட்டை எங்கள் சமையலறைக்குப் பின்னால் இருக்கிறது. ஞானதிரவியம் அதில் துண்டு காயப்போடுகிறார். இன்னொன்று மேலவிளையில், மூன்றாவது கீழவிளையில். கீழவிளைக் கம்பி தளர்ந்துவிட்டது. அதை முறுக்கினால் கோபுரம் நிமிர்ந்துவிடும். அரைநாள் வேலை.

சென்னையிலிருந்து தலைமைப் பொறியாளர் போனில் பேசினார். முப்பதாம் தேதி ஆய்வுக்கு வருகிறாராம். கோபுரம் நேராக நின்றால் என் திருச்சி மாற்றல் உத்தரவைக் கையோடு கொண்டுவருவாராம். அம்மாவும் பேசினாள். இருபத்தெட்டாம் தேதி நிச்சயதார்த்தம். பெண் வங்கியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை திருச்சிக்கே வந்துவிட வேண்டும் என்பது பெண்ணின் அப்பாவுடைய ஒரே நிபந்தனை. ஆகவே கம்பி இறுகினால் கோபுரம் நிமிரும், கோபுரம் நிமிர்ந்தால் மாற்றல், மாற்றல் வந்தால் கல்யாணம். இந்தத் தேரிக்காட்டில் செம்மண்ணையும் பனையையும் பார்த்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டியாயிற்று. ஒரு நல்ல ஃபில்டர் காப்பிக்கு வழியில்லை. மனிதன் இருக்கிற இடமா இது.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

ஸ்பேனரும் தூத்துக்குடியிலிருந்து வந்த இரண்டு கம்பி வேலைக்காரர்களுமாகக் கீழவிளைக்குப் போனேன். கட்டைக்கு மாலை போட்டிருந்தது. சந்தனம், குங்குமம் எல்லாம் ஆகி, முன்னால் கல் கூட்டிப் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது.

"மாடன்கிட்ட என்ன சோலியா வந்தீய?" என்று கேட்டார் ஒருவர். பெயர் சுயம்புலிங்கம். கருப்பட்டி வியாபாரி.

"எந்த மாடன்?" என்றேன்.

"கம்பி மாடன். நான்தான் சாமியாடி, பாத்துக்கிடுங்க."

குற்றம் பெயிண்டருடையது. மே மாதம் கோபுரத்துக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்தபோது பெயிண்ட் மிஞ்சியது. டிராக்டர்காரர்கள் வந்து முட்டாமல் இருக்கட்டும் என்று கட்டைகளுக்கும் அடிக்கச் சொன்னேன். வந்தவர் கோயில் மதில்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். சிவப்பு வெள்ளை என்றால் அவர் கைக்கு ஒன்றுதான் வரும், நெட்டுக்குத்தாகப் பட்டை பட்டையாக இழுத்துவிட்டுப் போய்விட்டார். கட்டை கீழே அகலம், மேலே குறுகல். இந்தப் பக்கத்து மாடன் பீடங்கள் அச்சாக இப்படித்தான் இருக்கின்றன. அடுத்த வாரம் காணாமல்போன ஆடு ஒன்று அந்தக் கட்டையடியில் படுத்திருந்ததாம். அதோடு மாடன் வந்துவிட்டார்.

"ஆடு நிழலுக்குத்தானே போகும்?" என்றேன்.

"நெழலு எங்கெல்லாமோ கெடக்கு. இங்க ஏன் வந்துச்சு?" என்றார் சுயம்புலிங்கம்.

மேலவிளைக் கட்டைக்கு ஆடுகூடத் தேவைப்படவில்லை. கீழவிளையில் சாமி இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. அங்கே பலவேசம் என்று ஒருவர் சாமியாடி. எங்கள் சமையலறைக் கட்டைக்கும் அதே பட்டைதான், ஆனால் ஞானதிரவியத்தின் துண்டைப் பார்த்துவிட்டு எந்தச் சாமியும் வரவில்லை.

கம்பியைத் தொட முடியாமல் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

ஆகஸ்ட் 4, வியாழன்

நிலையத்துக்கு ஒரு புகார் வந்தது. கொண்டுவந்தவர் உலகம்மை, கீழவிளைப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், சுயம்புலிங்கத்தின் தங்கை. கழுத்தில் விசில் தொங்குகிறது.

"சார், எங்க வீட்டு டி.வி.ல செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு ரெண்டு தலை தெரியுது சார். கோபுரத்துக்கு அடியிலயே குடியிருந்துக்கிட்டு ரெண்டு தலையோட பாக்கணும்னு எங்களுக்கு என்ன விதி?"

அலைகள் கம்பிகளில் பட்டுத் திரும்பி வருவதால் அப்படித் தெரியும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப எப்ப வந்து பாப்பீய?" என்றார். நேரில் பார்ப்பது என் கடமை என்பதால் போனேன். நான் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, அவர் கீழே டி.வி. முன்னால் நின்று சொன்னார்.

"இப்பத் தெரியுதா?"

"ரெண்டாவது தலை கொஞ்சம் மங்குது சார். இன்னும் திருப்புங்க. ஆங். ஐயோ, இப்பம் மூணு."

ஒருவழியாக ஒரு தலைக்கு வந்தது. டீச்சருக்கு நல்ல தொண்டை. கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். கருப்பட்டிக் காப்பியை நான் குடிப்பதில்லை. வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காதே என்று குடித்தேன். இரண்டாவது டம்ளரும் மரியாதைக்காகத்தான்.

ஆகஸ்ட் 6, சனி

கீழவிளை ஆன்டெனா மறுபடி திரும்பிவிட்டதாம். போய்ச் சரிசெய்தேன். காற்று.

ஆகஸ்ட் 8, திங்கள்

மறுபடியும் ஆன்டெனா. இன்று ஒரு ஓலைகூட அசையவில்லை. ஆனாலும் காற்றைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

உலகம்மை டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் நிலையத்துக்கு வந்தார். பொதுமக்களுக்கு அறிவியல் ஆர்வத்தை வளர்ப்பது நம் கடமை. தியோடலைட்டில் பார்க்கச் சொன்னேன்.

"எல்லாம் தலைகீழாத் தெரியுது சார்."

"இந்தக் கருவியில அப்படித்தான் தெரியும். கோபுரம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாருங்க."

வெகுநேரம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு கருவியை விட்டுத் தலையை எடுக்காமலே, "மேலவிளைப் பக்கமா?" என்றார். அவ்வளவு சரியாகச் சொன்னார். என்னுடைய ஜூனியர்களுக்கு இது பிடிபட ஒரு மாதம் ஆகும். கோபுரம் சாய்ந்திருக்கும் விஷயம் ரகசியம், ஊருக்குத் தெரிந்தால் பீதி கிளம்பும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 10, புதன்

விஷயம் இரண்டு ஊருக்கும் தெரிந்துவிட்டது. எப்படிக் கசிந்தது என்று தெரியவில்லை. ஞானதிரவியத்தின் மேல்தான் சந்தேகம்.

நான் நினைத்த மாதிரி யாரும் பீதியடையவில்லை. காலையில் பலவேசம் தன் ஆட்களோடு வந்தார். பெரிய மீசை, மெல்லிய குரல்.

"கோவுரம் எங்க மாடனப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கி. அத நிமித்தப் போறீயளாம்."

"கும்பிடல. கம்பி தளந்துபோச்சு."

"கும்பிடணும்னு தோணுனாத்தான் தளரும்" என்றார். பிறகு மிகவும் மரியாதையாக, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழவிளைப் பக்கம் போனால் மேலவிளைக்காரர்கள் மொத்தமாக வந்து கம்பியில் உட்கார்ந்துகொள்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் சுயம்புலிங்கம் வந்தார். அவருக்கு நிமிர்த்துவதில் ஆட்சேபணை இல்லை. நேராக வந்ததும் நிறுத்துவதில்தான் ஆட்சேபணை.

"அங்க ஒரு மொழம் குனிஞ்சிருக்குன்னா இங்க ஒன்னர மொழம் குனியணும்லா. இல்லன்னா எங்க மாடனுக்கு என்ன மரியாத?"

கோபுரம் யாரையும் பார்த்துக் குனியாது, அது ஒரு இரும்பு என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். இரண்டு பேரும் தனித்தனியாக என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

தலைமைப் பொறியாளரிடம் போனில் நிலைமையைச் சொன்னேன். போலீஸைக் கூப்பிட்டால் திருச்சியை மறந்துவிட வேண்டியதுதான், பேப்பரில் செய்தி வரக் கூடாது என்றார். சாமியாடிகளைச் சமாளிக்கத் தெரியாதவருக்குக் கோபுரம் எதற்கு என்றும் கேட்டார்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

அம்மா பெண்ணின் போட்டோவை அனுப்பியிருக்கிறாள். லட்சணமாகத்தான் இருக்கிறாள். பத்திரமாக வைத்தேன்.

மாலையில் கீழவிளை. ஆன்டெனா.

ஆகஸ்ட் 15, திங்கள்

போட்டோவை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. நாள் முழுவதும் தேடினேன். அரிசி டின்னுக்கு அடியில் இருந்ததாக ஞானதிரவியம் கொண்டுவந்து கொடுத்தார். அது எப்படி அங்கே போயிற்று என்று கேட்டேன். "நீங்கதான் சார், டின்னு ஆடுதுன்னு மடிச்சு வச்சீய" என்றார். என் நினைவில் அப்படி எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

கோபுரப் பிரச்சினைக்கு நான் ஒரு அருமையான தீர்வு கண்டுபிடித்துவிட்டேன்.

மாலையில் ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு இறங்கும்போது உலகம்மை டீச்சர், "பலவேசம் மாமா சொல்றதும் நியாயந்தான சார். கும்பிட்டுக்கிட்டு நிக்கறவனப் போய் யாராவது தலைமுடியப் பிடிச்சு இழுப்பாவளா?" என்றார்.

"அதுக்காக அப்படியே விட்டுற முடியுமா?"

"விட முடியாதுதான். ஒருத்தன் நம்ம கால்ல விழுந்தா எவ்வளவு நேரம் அப்படியே கெடக்க விடுவோம்? நல்லா இருடே, எந்திரின்னு சொல்லுவோம்லா. அப்படிச் சொல்லாதவரு பெரிய மனுசரா? எங்க பெரியப்பா ஒருத்தர் சொல்ல மறந்துட்டாரு. மாப்பிள்ளையும் பொண்ணும் அப்படியே கெடந்து, பொண்ணுக்கு முதுகு பிடிச்சிக்கிட்டு."

காப்பியைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். சட்டென்று பொறி தட்டியது. கோபுரம் மேலவிளை மாடனைக் கும்பிடுவது உண்மையென்றால், அதை ஆசீர்வாதம் பண்ணி எழுப்பிவிட வேண்டிய பொறுப்பும் அந்த மாடனுடையதுதானே. மாடனே எழுந்திரு என்று சொல்லிவிட்டால் மேலவிளைக்கு என்ன குறை? கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டது கீழவிளை மாடன் என்றால் அவர்களுக்கும் பெருமை.

டீச்சரிடம் என் யோசனையைச் சொன்னேன். "நல்ல யோசனை சார்" என்றார்.

ஆகஸ்ட் 17, புதன்

பலவேசத்திடம் பேசினேன். மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அப்பம் எங்க மாடன் சொன்ன பெறவுதான் எந்திரிக்கும்?"

"ஆமா."

"சொல்லலன்னா?"

"எந்திரிக்காது."

கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "பாவம், மேல்வலி வந்திருக்கும்" என்றார். சம்மதம்.

ஆகஸ்ட் 18, வியாழன்

சுயம்புலிங்கமும் சம்மதித்தார். ஒன்றரை முழத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை, தங்கை பேசிச் சரிக்கட்டினார் போலிருக்கிறது. இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை இரண்டு ஊரிலும் கொடை விழா. ஒரே நாளில் வைத்தால்தான் யாருக்குக் கூட்டம் அதிகம் என்று தெரியுமாம். அன்று மத்தியானக் கொடையில் வேலையை முடிக்கலாம். ஒரு நிபந்தனை, சாமியுடைய கம்பியில் கைவைப்பவர் கையில் காப்புக் கட்டியிருக்க வேண்டும்.

மஞ்சள் கயிறுதானே, கம்பி வேலைக்காரர்களுக்குக் கட்டுங்கள் என்றேன். அவர்கள் இரண்டு பேரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்கள். காப்புக் கட்டினால் எட்டாம் நாள் வரும் எட்டாங்கொடை முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம். அவர்களுக்குத் துறைமுகத்தில் வேலை கிடக்கிறது.

"அப்ப நீங்கதான் கட்டிக்கிடணும்" என்றார் சுயம்புலிங்கம்.

உலகம்மை டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், நல்லா யோசிச்சுக்கிடுங்க. வெள்ளிக்கெழம கட்டுனா அடுத்த வெள்ளி வரைக்கும் நீங்க எங்கயும் போவ முடியாது. உங்களுக்கு ஞாயித்துக்கெழம திருச்சில நிச்சயம்லா?" என்றார். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நிச்சயதார்த்த விஷயத்தை இவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. ஞானதிரவியத்தை வேலையை விட்டு எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 20, சனி

சுயம்புலிங்கம் நிலையத்துக்குக் கருப்பட்டி கொண்டுவந்தார். பேச்சுவாக்கில், "எங்க உலகம்மைக்கு என்னமோ ஆயிட்டு சார். நீங்க வந்துட்டுப் போன மறுநாளு காலம்பற மாடில ஏறி என்னமோ திருகிக்கிட்டு நிக்கா. கேட்டா உடற்பயிற்சிங்கா" என்றார்.

பி.டி. டீச்சர் இல்லையா. உடம்பைக் கவனித்துக்கொள்வார்.

ஆகஸ்ட் 22, திங்கள்

நான் கம்பியை முறுக்கும்போது தியோடலைட்டில் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இரண்டு ஊரும் நம்புகிற ஆள் கிடைப்பது கஷ்டம். கடைசியில் பலவேசமே உலகம்மை டீச்சர் பெயரைச் சொன்னார். ஓட்டப் பந்தயத்தில் சொந்த அண்ணன் மகனையே தோற்றவன் என்று சொன்னவராம். கோபுரம் நேரானதும் அவர் விசில் ஊத வேண்டும், மேளச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது.

தினமும் மாலையில் பயிற்சி கொடுக்கிறேன். நேற்றே கற்றுக்கொண்டுவிட்டார். இருந்தாலும் பயிற்சி தொடர்கிறது.

ஆகஸ்ட் 24, புதன்

அம்மா போனில். சனிக்கிழமை காலையே கிளம்பி வந்துவிடு, சலவைச் சட்டை கொண்டுவா என்றாள். சரி என்றேன். காப்பு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். லைனில் இரைச்சலாக இருந்ததால் சொல்லவில்லை.

போனை வைத்த பிறகு ஞானதிரவியம், "லைனு இன்னைக்கு நல்லாத் தெளிவா இருந்துச்சே சார்" என்றார். ஒட்டுக் கேட்பது கெட்ட பழக்கம்.

ஆகஸ்ட் 26, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் குளிக்கச் சொல்லி, வேட்டி கட்டச் சொல்லி, சுயம்புலிங்கம் காப்புக் கட்டினார். கட்டும் முன் ஒருமுறை முகத்தைப் பார்த்து, "கட்டவா?" என்று கேட்டார். சீக்கிரம் கட்டுங்கள், வெயில் ஏறுகிறது என்றேன்.

மத்தியானம் இரண்டு ஊரிலும் நையாண்டி மேளம் கிழிகிறது. மேலவிளையில் பலவேசத்துக்குச் சாமி வந்து, எந்திரி என்று சொன்னதும் அங்கே வேட்டுப் போடுவார்கள், அதைக் கேட்டு நான் முறுக்கத் தொடங்க வேண்டும். வேட்டு வரவே இல்லை. அப்புறம் தெரிந்தது, பலவேசத்துக்குச் சாமி வந்ததும் அழுகை வந்துவிட்டதாம். கோபுரத்தைப் பார்த்து, "போதும்யா, இம்புட்டு உசரம் வச்சுக்கிட்டு இவ்வளவு நேரமா குனிஞ்சு நிக்கியே, நல்லா இரு, எந்திரி" என்று தேம்பித் தேம்பிச் சொன்னாராம். ஊரே அழுததாம். வேட்டுக்குத் திரி கொளுத்துகிறவரும் அழுததில் தாமதம்.

வேட்டு வெடித்தது. ஸ்பேனரைப் போட்டு முறுக்கினேன். கம்பி வேலைக்காரர்கள் தள்ளி நின்று யோசனை மட்டும் சொன்னார்கள். கம்பி முனகிக்கொண்டு இறுகியது. சுயம்புலிங்கத்துக்கும் சாமி வந்துவிட்டது. கையில் வல்லயம் என்கிற ஈட்டியோடு என்னைச் சுற்றி ஆடினார். நான் முறுக்க, அவர் ஆட, சட்டை போடாத என் முதுகில் யாரோ மஞ்சள் தண்ணீர் ஊற்ற, இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

விசில் கேட்டது. நிறுத்தினேன்.

"இன்னும் முறுக்கு" என்றது சாமி.

"நேராயிட்டு" என்றேன்.

"எனக்கு ஒன்னர மொழம் வேணும். முறுக்குலே."

வல்லயம் என் மூக்குக்கு நேரே நின்றது. இன்னும் முறுக்கினால் கோபுரம் இந்தப் பக்கம் சாயும், மேலவிளை கிளம்பி வரும், எதிர்ப்பக்கக் கம்பிகள் எவ்வளவு தாங்கும் என்பதும் எனக்குத் தெரியும். மறுபடி விசில், நீளமாக. ஸ்பேனரிலிருந்து கையை எடுத்தேன். சாமி ஒரு அடி முன்னால் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு உலகம்மை டீச்சர் ஓடிவந்தார். நேரே சாமியின் காதருகில் போய் மூன்றாவது விசிலை ஊதினார். கூட்டத்திலிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் பழக்கதோஷத்தில் காலைச் சேர்த்து விறைப்பாக நின்றுவிட்டன. அவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் நின்றார்கள். மேளக்காரர்கள் குச்சியை இறக்கினார்கள். அந்த அமைதியில் சாமி மெல்லக் கேட்டது.

"நேராயிட்டா?"

"ஆயிட்டுண்ணே."

"அங்கிட்டு ஒண்ணும் குனியலயே?"

"எங்கிட்டும் குனியல. நீதான் தூக்கி நிப்பாட்டுன. போதும்."

"அப்பம் சரி" என்று சாமி வல்லயத்தை ஊன்றியது. மேளம் மறுபடி தொடங்கியது.

கோபுரம் ஊசியாக நிற்கிறது. டீச்சருக்கு ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. எனக்கு ஏன் மூச்சு வாங்கியது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, சனி

அம்மாவுக்குப் போன் செய்து, கையில் காப்பு இருப்பதால் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது என்று சொன்னேன். முன்னாலேயே தெரியாதா என்று கத்தினாள். யாரும் எனக்குச் சொல்லவே இல்லை என்றேன். கிராமத்து ஆட்கள், இப்படித்தான் கடைசி நிமிஷத்தில் எதையாவது கிளப்புவார்கள்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

மாப்பிள்ளை இல்லாமல் நிச்சயம் செய்வதில் பெண்வீட்டாருக்கு விருப்பமில்லையாம். வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அம்மா போனில் அழுதாள். அவளை அழவைத்தது எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது.

நிச்சயம் நின்றுபோனதில் எனக்குப் பெரிய மன உளைச்சல். மனம் ஆறுவதற்காகக் கீழவிளையில் பிள்ளைகளோடு கைப்பந்து ஆடினேன். எங்கள் அணி ஜெயித்தது.

ஆகஸ்ட் 30, செவ்வாய்

தலைமைப் பொறியாளர் வந்தார். தியோடலைட்டில் பார்த்தார், பேஷ் என்றார். கீழவிளைக் கட்டையைப் பார்க்கப் போனவர் செருப்பைக் கழற்றிவிட்டார். என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரியாது, உதடு அசைந்தது.

மாற்றல் உத்தரவைக் கையில் கொடுத்தார். திங்கட்கிழமை திருச்சியில் சேர வேண்டும். நிமிர்த்திய கோபுரத்தை ஒரு மழைக்காலமாவது நிமிர்த்தியவரே கவனிப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். காற்றழுத்தம், மண்ணின் ஈரம், கம்பியின் நீட்சி என்று சில காரணங்களையும் எடுத்துச் சொன்னேன்.

"வேண்டாம்னா வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணும். திருச்சிக்குப் பத்துப் பேர் வரிசையில நிக்கறான்" என்றார்.

வேண்டாம் என்று யார் சொன்னது? மூன்று வருஷமாகக் கேட்ட மாற்றல்.

செப்டம்பர் 1, வியாழன்

பெட்டி கட்டினேன். ஞானதிரவியம் உதவிக்கு வந்து, நான் வைப்பதையெல்லாம் எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தார். கேட்டால், திரும்ப எடுக்கும்போது கஷ்டமாக இருக்கும் என்கிறார்.

மூன்று நாளாகக் கீழவிளையிலிருந்து ஆன்டெனா புகார் எதுவும் வரவில்லை. போன காரியம் நன்றாக முடிந்தால் சந்தோஷப்பட வேண்டும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 2, வெள்ளி

எட்டாங்கொடை. கட்டைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். பலவேசமும் வந்திருந்தார். கோபுரம் நிமிர்ந்ததிலிருந்து இரண்டு ஊருக்கும் போக்குவரத்து உண்டு. சுயம்புலிங்கம் காப்பை அறுக்கக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். உலகம்மை தட்டில் விபூதியோடு பக்கத்தில் நின்றாள்.

"காப்ப அறுத்துட்டா நீங்க எங்க வேணும்னாலும் போலாம்" என்றாள். "போறீயளா சார்?"

"இல்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே தெரிந்தது. மேளம் இல்லாத நேரம், எல்லார் காதிலும் விழுந்தது.

"ஏன்?" என்றாள்.

"மழைக்காலத்துல காத்தழுத்தம்" என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. காற்றழுத்தம், ஈரம், நீட்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "உங்கள விட்டுட்டுப் போறதுக்கு எனக்கு மனசு இல்ல. வேற ஒரு காரணமும் இல்ல" என்றேன்.

சுயம்புலிங்கம் என் மணிக்கட்டை ஒரு கையிலும் கத்தியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் தங்கையிடம் திரும்பி, "இப்பம் நான் இத அறுக்கவா, வேண்டாமா?" என்றார்.

"அறுத்துருண்ணே. அவிய போவ மாட்டாவ" என்றாள் உலகம்மை.

சுயம்புலிங்கம் அறுத்தார். உடனே பலவேசம் தொண்டையைச் செருமினார். "பொண்ணு கீழவிளை. சரிதான். சார் குடியிருக்க குவாட்டர்ஸ் எங்க எல்லைக்குள்ள வருது. அப்பம் மாப்பிள வீடு மேலவிளை. முத மரியாத எங்களுக்கு." குவாட்டர்ஸின் குளியலறை கீழவிளையில்தான் இருக்கிறது என்றார் சுயம்புலிங்கம். அளந்து பார்த்துவிடலாம் என்று இரண்டு பேரும் கூட்டத்தோடு நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

சென்னைக்குப் போன் செய்தேன். தலைமைப் பொறியாளர் காரணம் கேட்கவில்லை. மாடனிடம் அவர் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டதாம், தன் பேரில் ஒரு தேங்காய் உடைக்கச் சொன்னார். பிறகு அம்மாவுக்கும் போன் செய்து சொன்னேன். முதலில் திட்டினாள். பிறகு பெயரும் வேலையும் கேட்டாள். பிறகு, "ஓட்டப் பந்தயம் எல்லாம் ஓடுவாளாடா?" என்றாள். ஓடுவாள், நானே பார்த்தேன் என்றேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதை எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது.

மத்தியானம் அவர்கள் வீட்டில் உலகம்மை இலை போட்டுவிட்டு, "சாப்பிட வாங்க" என்றாள். வழக்கமான 'சார்' மட்டும் அதில் காணோம். கிடாக்கறியில் உப்பு கொஞ்சம் தூக்கல், மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.